ஆற்றுக்கு எல்லை வேண்டும். அது நமக்கும் தெரிய வேண்டும்



சங்கக் கூட்டங்களில் வரியைப் பற்றிப் பேசுகிறோம். வாடகை உயர்வு, எடை முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், பெரிய நிறுவனங்களின் போட்டி ஆகியவற்றைப் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் நம் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றைப் பற்றி நாம் பேசுவது அபூர்வம். ஆறு என்றால் அது பொதுப்பணித் துறையின் கவலை, மாநகராட்சியின் கவலை என்று இருந்துவிட்டோம். அந்த எண்ணம் சரியல்ல என்பதை 2015 டிசம்பர் நமக்குப் பாடமாகக் கற்பித்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பித்த பாடம் அது.

அடையாற்றின் கரையில் எவ்வளவு தூரத்துக்கு என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது, எந்தத் தொழில் நடத்தலாம் என்கிற நில உபயோக விதிகள் நம் வியாபாரத்தை நேரடியாகத் தொடுகின்றன. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம், அடையாறு, பட்டினப்பாக்கம் ஆகிய பகுதிகளில் கடையோ கிடங்கோ வைத்திருப்பவர்களும், அங்குள்ள சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளும் இதைப் படித்து, நிதானமாக யோசிக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

நாம் கண்ட வெள்ளம்

2015 டிசம்பர் 1ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. நவம்பர் முழுவதும் பெய்த மழையில் ஏரிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அன்று இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. வழியில் உள்ள மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்துகொண்டது. சைதாப்பேட்டையில் ஆற்றை நோக்கிச் சரியும் ஒரு தெருவில் நமது வாடகைக் கிடங்கு இருந்தது. தரையில் மரச்சட்டம் போட்டு அதன்மேல்தான் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். ஒரு அடி, இரண்டு அடித் தண்ணீர் வந்தால் போதும் என்ற கணக்கு. தண்ணீரோ நான்காவது அடுக்கைத் தாண்டியது.

மூன்று நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது சர்க்கரை மூட்டைகள் இருந்த இடத்தில் வெறும் சாக்குகள் கிடந்தன. உளுத்தம்பருப்பு ஊறிப் பெருத்துச் சாக்கைக் கிழித்திருந்தது. அரிசியிலும் மிளகாயிலும் சாக்கடை நீர் ஏறியிருந்தது. அந்த நாற்றம் இன்றும் மறக்கவில்லை. கூலியாட்களை வைத்து அள்ளிக் குப்பை லாரியில் ஏற்றினோம். காயவைத்து மாவாக்கி விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. உண்ணும் பொருளில் அந்தப் பாவத்தைச் செய்ய மனம் வரவில்லை. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

காப்பீடு இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. தீ விபத்துக்கு இருந்தது. புயல், வெள்ள அபாயத்தை விலக்கிக்கொண்டால் பிரீமியம் குறையும் என்று முகவர் சொன்னபோது, முப்பது வருடமாக வராத தண்ணீரா இனி வரப்போகிறது என்று நாமும் தலையாட்டியிருந்தோம். இதில் பிறரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றோரத்தில் சரக்கை வைத்துக்கொண்டு ஆற்றை மறந்தது நம் தவறு.

முப்பது வருடமாக வரவில்லை என்று நினைத்ததும் தவறான கணக்குத்தான். 1976லும் 1985லும் 2005லும் அடையாறு கரை மீறியிருக்கிறது. பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி அது. நாம்தான் அதற்கு ஒதுக்கிய அறையில் மூட்டை அடுக்கிவிட்டோம்.

ஆற்றின் அகலம் என்பது என்ன?

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறிய ஆறு. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீரோடு செம்பரம்பாக்கத்தின் உபரி நீரும் சேர்ந்து, மீனம்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வந்து, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் இடையே கடலில் கலக்கிறது. வருடத்தில் ஒன்பது, பத்து மாதம் சாக்கடைபோல ஓடுகிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வாயை அடைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ஆற்றின் அகலம் இவ்வளவுதான் என்று முடிவு செய்துவிடுகிறோம்.

கோடையில் தெரியும் அகலம் வேறு, மழைக்காலத்தில் அதற்குத் தேவைப்படும் அகலம் வேறு. தீபாவளிக்கு முந்திய வாரம் ரங்கநாதன் தெருவில் எவ்வளவு கூட்டம் வரும் என்பதை ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்துக் கணக்குப் போட முடியுமா? ஆறும் அப்படித்தான். மேலேயிருந்து வெள்ளம் வரும் நேரத்தில் கடலில் ஓதமும் ஏறியிருந்தால் தண்ணீர் வடியாமல் பின்வாங்கித் தெருக்களுக்குள் புகும். அந்த நேரத்தில் பரவி நிற்பதற்கான இடத்தைத்தான் வெள்ளப் பரப்பு என்கிறார்கள்.

இந்தப் பாடம் ஆற்றங்கரைக்கு மட்டும் உரியதல்ல. தியாகராய நகரில் கடை வைத்திருக்கும் நண்பர்கள் தங்கள் காலடியில் என்ன இருந்தது என்பதை அறிவார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1923 முதல் வற்றச்செய்து உருவாக்கிய நகர் அது. அந்த ஏரிக்குப் போன மழைநீர் இன்று மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. கால்வாய் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பரில் தி.நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் நின்ற தண்ணீர் காட்டியது. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் ஏரிதான். எல்லாவற்றையும் திரும்ப ஏரியாக்க முடியாது. மீதமிருக்கும் நீர்வழியையாவது காப்பாற்ற முடியும்.

இப்போது உள்ள விதிகள்

சென்னையில் எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை முடிவு செய்வது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்து 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம். கட்டட விதிகளைப் பொறுத்தவரை 2019இல் தமிழ்நாடு முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன.

இரண்டாவது முழுமைத் திட்டத்தில் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், திருவான்மியூருக்குத் தெற்கேயுள்ள கடலோர நிலத்தடி நீர்ப் பகுதிக்கும் தனியாக விதிகள் வகுத்தார்கள். குடிநீர் கெடக்கூடாது என்பது நோக்கம். நல்ல காரியம். ஆனால் அடையாற்றங்கரை நெடுக இப்படி ஒரே பெயரில் ஒரு பாதுகாப்புப் பகுதி வரையப்படவில்லை. நீர்நிலைக்கு அருகில் உள்ள மனைக்கு அனுமதி கேட்கும்போது நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள், நிபந்தனை விதிக்கிறார்கள். ஒவ்வொரு மனுவாகத்தான் பார்க்கிறார்களே தவிர, ஆற்றை முழுதாக ஒரே கோடாகப் பார்ப்பதில்லை.

முகத்துவாரப் பக்கம் மட்டும் இன்னொரு விதி உண்டு. அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1991இல் மத்திய அரசு முதலில் வெளியிட்டது. பிறகு 2011இலும் 2019இலும் புதிதாக வெளியிட்டது. கடலின் ஓதநீர் ஏறி இறங்கும் ஆற்றுப் பகுதிக்கும் அது பொருந்தும். 2011 அறிவிக்கையின்படி கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு. 2019 அறிவிக்கையில் 100 என்பது 50 ஆகக் குறைந்தது. அடையாறு, பட்டினப்பாக்கம் பகுதி அன்பர்கள் தங்கள் மனை இந்தக் கோட்டுக்குள் வருகிறதா என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பட்டா நிலம் வேறு, புறம்போக்கு வேறு. நீர்நிலைப் புறம்போக்கில் உள்ள கடைக்கு எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும், மின் இணைப்பு வாங்கியிருந்தாலும், அது உரிமை ஆகாது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு அகற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தனியாக 2007இல் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. நீர்நிலைகளைப் பொறுத்தவரை நீதிமன்றங்களும் கண்டிப்பாகவே தீர்ப்பளித்து வருகின்றன. "சங்கம் பேசி முடித்துத் தரும்" என்று இந்த விஷயத்தில் நம்பியிருக்க வேண்டாம்.

கணக்கு நோட்டோடு போனவர்

விதி வேண்டும் என்று சொல்கிற நாமே, அந்த விதி எப்படி நடத்தப்பட்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். சைதாப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். நம்மிடம் வாரம் தவறாமல் சரக்கெடுக்கும் சிறிய மளிகைக்கடைக்காரர் ஒருவர் அந்தக் குடிசைகளை நம்பியே கடை நடத்தினார். காலையில் கால் கிலோ சர்க்கரை, ஐம்பது கிராம் டீத்தூள், மாலையில் அரைக் கிலோ அரிசி என்று வாங்கும் வாடிக்கையாளர்கள். எல்லாம் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வது. சனிக்கிழமை கூலி வந்ததும் கொடுப்பார்கள்.

அவருடைய கடை பட்டா இடத்தில் வாடகைக்கு இருந்தது. ஆகவே கடையை யாரும் இடிக்கவில்லை. நோட்டீசும் வரவில்லை. ஆனால் இரண்டே நாளில் லாரிகள் வந்து, வாடிக்கையாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கடை நின்றது, வியாபாரம் போய்விட்டது. அதிகாரிகளின் கணக்கில் அவர் பாதிக்கப்பட்டவர் அல்ல. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

ஒரு நாள் நம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, உங்களுக்குத் தரவேண்டியதை எப்படித் தருவேன்னு தெரியலை. நோட்டுல இருக்குறது எல்லாம் பெரும்பாக்கம் போயிடுச்சு" என்றார். அழவில்லை. கணக்கு நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். நாம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். அதற்கு மேல் நமக்கும் வழி தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெரும்பாக்கம் போனார். ஒவ்வொரு கட்டடமாக மாடி ஏறி இறங்கினார். அவர் சொன்னதை இங்கே சொல்லியாக வேண்டும். பாதிக்கும் மேற்பட்டவர்கள் கண்டவுடனே கொஞ்சமாவது கொடுத்தார்களாம். வேலை போய்விட்டது, பஸ்ஸுக்கே காசு போதவில்லை என்றவர்களும் அடுத்த வாரம் வரச் சொன்னார்களாம். ஒரு அம்மாள், "நீ இங்கேயே கடை போடேன், தம்பி. பக்கத்துல ஒரு கடைகூட இல்லை" என்றாராம். ஏழைகளின் நாணயத்தை நம் கடைக்காரர்கள் அறிவார்கள். ஊர் அறியாது.

இன்று அவர் அங்கே அருகில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். முதல் சரக்கை நாம்தான் கடனாக அனுப்பினோம். பழைய பாக்கியும் இரண்டு வருடத்தில் தீர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கத்தையும் தண்ணீர் சூழ்ந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம் அல்லவா! ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோனவர்களைச் சதுப்பு வெள்ளத்தில் விட்டிருக்கிறோம். நம் கடைக்காரர் மட்டும் முன்னெச்சரிக்கையாகச் சரக்கை இடுப்புக்கு மேல் பலகை அடித்து வைத்திருந்தார். ஒரு மூட்டையும் நனையவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு விதியா?

நம் உறுப்பினர்கள் சிலர், "ஆற்றைக் காப்பது என்பதெல்லாம் பேச்சு. குடிசையையும் பெட்டிக்கடையையும் அகற்றிவிட்டுப் பிறகு பெரிய கட்டடங்களுக்கு இடம் விடுவார்கள்" என்கிறார்கள். இந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே அடையாற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டப்பட்டது. மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயில் தூண் நட்டுத்தான் பறக்கும் ரயில் ஓடுகிறது. 2015 வெள்ளம் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது இந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. அப்படியிருக்க, தண்டனை மட்டும் கரையோரத்துப் பெட்டிக்கடைக்கு என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஆனால் இந்தச் சந்தேகத்தைக் காரணம் காட்டி விதியே வேண்டாம் என்பதும் சரியல்ல. விதி இல்லாத இடத்தில் பெரியவர்தான் ஜெயிப்பார். எழுத்தில் ஒரே விதி இருந்தால்தான் சிறியவர், "எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்றா?" என்று கேட்க முடியும். 2011 அக்டோபர் இறுதியில் தி.நகரில் விதி மீறிய கட்டடங்கள் என்று சொல்லிக் கடைகளுக்குச் சீல் வைத்ததை நாம் மறக்கவில்லை. பொங்கல் வியாபாரத்தை ஒட்டி உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அவற்றைத் திறக்க முடிந்தது. வருடக்கணக்கில் கண்டும் காணாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் பாய்வதைவிட, முதலிலேயே கோடு போட்டுச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. நமக்கு எதிரி விதி அல்ல, நிச்சயமின்மைதான்.

மற்ற ஊர்களில்

புனே நகரில் ஆற்றங்கரைக்கு நீலக்கோடு, சிவப்புக்கோடு என்று இரண்டு கோடுகள் வரைந்திருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் இடம் நீலக்கோடு. நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடியது சிவப்புக்கோடு. முதற் கோட்டுக்குள் கட்டடம் கூடாது. இரண்டுக்கும் இடையே நிபந்தனையோடு கட்டலாம். இதைக் கடைக்காரர் யாரும் எளிதில் புரிந்துகொள்ளலாம். வெள்ளப் பரப்பு நிலங்களுக்கு இப்படிச் சட்டம் செய்யுங்கள் என்று மத்திய அரசு 1975இலேயே மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற சில மாநிலங்கள்தாம் சட்டம் இயற்றின.

பெங்களூரில் 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் விட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முழுமைத் திட்டத்தில் உள்ளதைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்பதே காரணம். இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, எந்த எல்லையானாலும் அது முழுமைத் திட்டத்தில் முறைப்படி ஏற வேண்டும் என்பதுதான்.

அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரையைச் சீரமைத்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே ஞாயிற்றுக்கிழமை கூடும் குஜரி பஜாருக்கு ஆபத்து வந்தது. அந்த வியாபாரிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் சென்றார்கள். முடிவில் ஆற்றங்கரைத் திட்டத்திலேயே அவர்களுக்கு இடம் ஒதுக்கி 2014இல் திறந்தார்கள். தென்கொரியாவின் சியோல் நகரில் சுங்கேச்சுன் ஓடையை மூடிக் கட்டிய மேம்பாலச் சாலையை இடித்து, 2005இல் ஓடையை மீட்டார்கள். சுற்றிலும் இருந்த கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நகராட்சி அவர்களோடு பலமுறை பேசி, வேறிடத்தில் பெரிய வணிக வளாகம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது. வளாகமும் வந்தது. ஆனால் விலை அதிகம், இடமும் தொலைவு. பலரால் அங்கே போய்ப் பிழைக்க முடியவில்லை. வாக்குறுதி வாங்கினால் மட்டும் போதாது, இடமும் வாடகையும் எழுத்தில் வர வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

நாம் கேட்க வேண்டியவை

2024 பிப்ரவரியில் மாநில நிதிநிலை அறிக்கையில் அடையாற்றைச் சீரமைக்க ரூ.1,500 கோடியில் அரசு, தனியார் பங்களிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகவே கரையில் வேலை நடக்கத்தான் போகிறது. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்படும்போது ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்தில் சங்கத்தின் சார்பில் கீழ்க்கண்டவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நமது கருத்து.

1. ஆற்றின் எல்லையையும் வெள்ளக் கோட்டையும் வரைபடத்தில் மட்டும் போடாமல், தரையில் எண் போட்ட கல்லாக நட வேண்டும். எந்தத் தெருவில் எந்தக் கதவு எண் வரை என்பதைத் தமிழில் எழுதி, வட்ட அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. புதிய கட்டடங்களை முதலில் நிறுத்த வேண்டும். பெரிய கட்டடமானாலும் அரசுக் கட்டடமானாலும் விலக்கு கூடாது. ஏற்கெனவே பட்டா நிலத்தில் உள்ள கடைகளுக்கு மாறிக்கொள்ளப் போதிய அவகாசம் தர வேண்டும்.

3. கரையில் கணக்கெடுக்கும்போது வீட்டை மட்டும் எண்ணாமல் கடையையும் எண்ண வேண்டும். குடும்பங்களை மாற்றும் இடத்தில், அவர்களை நம்பியிருந்த கடைக்காரர்களுக்கு வாடகைக்கு இடம் தர முன்னுரிமை வேண்டும்.

4. தனியார் நிலத்தைக் கையகப்படுத்தினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வருடத்துக்கு மேலாக அங்கே பிழைப்பு நடத்தும் வாடகைதாரரும் பாதிக்கப்பட்டவரே. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் தர வேண்டும். இவை சலுகை அல்ல, சட்டம். இதை நடைமுறைப்படுத்தக் கேட்க வேண்டும்.

5. ஐப்பசி முதல் தை வரை அகற்றும் வேலை கூடாது. அது மழைக்காலம். தீபாவளி, பொங்கல் வியாபாரக் காலமும் அதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பதற்கு முன் நம் கைகளும் சுத்தமாக இருக்க வேண்டும். கடையின் பின்பக்கத்தை ஒவ்வொரு வருடமும் இரண்டடி ஆற்றுப் பக்கம் நகர்த்தியவர்கள் நம்மில் உண்டு. அழுகிய வெங்காயத்தையும் பிளாஸ்டிக் பைகளையும் இடித்த செங்கல்லையும் கரையில் கொட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. "இன்று ஒரு நாள்தானே" என்று கொட்டியதெல்லாம் சேர்ந்துதான் கால்வாய் அடைபடுகிறது.

கடை அல்லது கிடங்கு பிடிக்கும் முன்னால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் நில அளவை வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். அதில் ஆறு, வாய்க்கால், புறம்போக்கு என்று ஏதேனும் இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். சி.எம்.டி.ஏ.யில் சர்வே எண்ணைக் கொடுத்து நில உபயோகம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவர் சுவரில் கை வைத்துக் காட்டும் இடத்துக்கு மேலே சரக்கு இருக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் கிடங்கைக் கூடுதல் வியாபார இடமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்திலும் அதே விலாசம் இருக்க வேண்டும். ஐந்து கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான காப்பீடு இருக்கிறது. அதில் வெள்ளமும் அடங்கும். சரக்கின் முழு மதிப்புக்கும் எடுங்கள். பாதி மதிப்புக்கு எடுத்தால் நஷ்ட ஈடும் பாதியாகத்தான் வரும். நாம் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் அந்தச் சைதாப்பேட்டைக் கிடங்கை விட்டுவிட்டு மேட்டுப்பகுதிக்கு வந்துவிட்டோம். வாடகை கூடுதல்தான். மாதாமாதம் அதை எண்ணிக் கொடுக்கும்போது மனது கொஞ்சம் கணக்குப் பார்க்கிறது. ஆனால் கார்த்திகை மாதத்தில் நள்ளிரவு மழைச் சத்தம் கேட்டால் இப்போது எழுந்து உட்காருவதில்லை. அந்தத் தூக்கத்துக்கு என்ன விலை போடுவது?

பழைய கிடங்கில் இப்போது வேறொருவர் சரக்கு வைத்திருக்கிறார். புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞர். சுவரில் நான்காவது அடுக்கு உயரத்தில் இருந்த தண்ணீர்க் கறையை வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். நாம் போய் அவரிடம் அந்த இடத்தைக் கை வைத்துக் காட்டிவிட்டு வந்தோம். அரசு கல் நடும்வரை, தெரிந்தவர் தெரியாதவருக்கு இப்படிச் சொல்லிவைப்பது நம் கடமை. ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள மூத்த வணிகர்கள் தங்கள் தெருவில் 2015 வெள்ளம் எட்டிய உயரத்தைக் கதவு எண்ணோடு எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலையே நமது மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம். சங்க நிர்வாகிகள் ஆவன செய்வார்கள் என்று நம்புகிறோம்.